ஐநூறு யூனிட்டுக்குள்ள

இல்லண்ணே, கருணைங்கிற வார்த்தை வேணாம், அத அடிச்சிருங்க. போன தடவ அந்தா, அந்த வேப்பமரத்துக்குக் கீழ மேச போட்டிருக்காரே பொன்னுத்துரைன்னு, அவருகிட்டத்தான் கலெக்டருக்கு மனு எழுதுனேன். கருணை கூர்ந்து, கருணை கூர்ந்துன்னு எட்டு எடத்துல எழுதிட்டாரு. படிக்கிறவுகளுக்கு நா என்னமோ பிச்சைக்கு வந்த பொம்பள மாதிரி ஆயிப்போச்சு. நீங்க வெவரத்த மட்டும் எழுதுங்க. நா நிதானமாவே சொல்றேன். நிதானமான்னா ரொம்பவும் இல்ல, எனக்கு வெரசா வீட்டுக்குப் போகணும்.

எம் பேரு சகாயராணி. வீட்டுக்காரர் பேரு ஞானதாஸ். ஊரு இங்கதான், மேட்டுப்பட்டி. அவரு வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லுல இருபத்தாறு வருசம் ஓடுனவரு. ஓடுனவருன்னா நெசமாவே ஓட்டந்தான். மிஷினுக்கு முன்னால அந்தக் கடைசிக்கும் இந்தக் கடைசிக்கும் அறுந்த நூல ஒட்டிக்கிட்டே ஓடணும். அம்புட்டுப் பஞ்சும் நெஞ்சுக்குள்ள போயிருச்சு. இப்ப கக்கூசுக்குப் போயிட்டு வந்தாலே கால் மணி நேரம் எளப்பு. வீட்ல ஆக்சிஜன் மிஷினு ஒண்ணு இருக்கு. சிலிண்டர் இல்லண்ணே, கரண்டுல ஓடுறது, ரூம்புல இருக்குற காத்தையே இழுத்து ஆக்சிஜனாப் பிரிச்சுக் குடுக்கும். ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் போட்டே ஆகணும்னு பெரியாஸ்பத்திரில எழுதிக் குடுத்திருக்காக. இந்தா பாருங்க சீட்டு. கசங்கித்தான் இருக்கு, எத்தன ஆபீசு பாத்த சீட்டு அது.

மிஷினு நாங்க எங்க வாங்க? எங்க சர்ச்சுல, பங்குக்காரங்க வசூல் பண்ணி வாங்கிக் குடுத்தாக. நல்ல மனுசங்க, கொற சொல்லக் கூடாது. மிஷினையும் அவரையும் சேத்து நிறுத்தி போட்டோவெல்லாம் எடுத்தாக. ஆனா அது திங்கிற கரண்டுக்கு ஆரு வசூல் பண்றது?

ஆமா, நூறு யூனிட்டு ப்ரீ. எனக்கும் உண்டு, நா இல்லைங்கலையே. ரெண்டு மாசத்துக்கு நூறு. எங்க மிஷினுக்கு அது பதினெட்டு நாளைக்குத்தான் காணும். அதுக்கு மேல காசு. அதையுங்கூட கட்டிருவேன்ணே, கான்வென்ட் ஹாஸ்டல்ல சமையல் வேல பாக்குறேன், கையுங்காலும் நல்லாத்தான் இருக்கு. இந்த ஐநூறு இருக்கு பாருங்க, அதுதான் எங்க உசுர எடுக்குது. ஐநூறு யூனிட்டுக்குள்ள நின்னா ஒரு ரேட்டு. ஐநூத்தி ஒண்ணு ஆச்சுன்னா முன்னால ஓடுன யூனிட்டுக்கும் சேத்து ரேட்டு ஏறிரும். ஒங்களுக்குத் தெரியாததா, ஒங்க வீட்லயும் மீட்டரு ஓடும்ல.

கரண்டு ஆபீசுக்குப் போகாம இருப்பனா? நாலு தடவ போனேன். அங்க ஒரு தம்பி, நல்ல மரியாதையாத்தான் பேசுச்சு. அக்கா, விசைத்தறிக்கு இருக்கு, பம்புசெட்டுக்கு இருக்கு, குடிசைக்கு இருக்கு, வீட்ல வச்சிருக்கிற ஆக்சிஜன் மிஷினுக்குன்னு பாரத்துல எடமே இல்லக்கா, கலெக்டருக்கு மனு குடுங்கன்னுச்சு. சரின்னு ஒரு திங்கக்கெழம இங்க வந்து வரிசையில நின்னு குடுத்தேன். அந்த மனு எங்க போச்சுங்கிறீக? திரும்ப அந்தத் தம்பி மேசைக்கே போயிருச்சு. விதியில எடமில்லைன்னு அதுவே பதில் எழுதி அனுப்பியிருக்கு. எனக்குச் சிரிக்கவா அழுகவான்னு தெரியல. அழுதேன்தான். ஹாஸ்டல் அடுப்படில ஒக்காந்து அழுதேன், பிள்ளைக பாக்கும்னு வெங்காயத்த உரிச்சுக்கிட்டே.

அதனால இந்தத் தடவ மின்வாரியத்துக்கு அனுப்ப வேணாம், கலெக்டரே ஒரு முடிவு சொல்லணும்னு எழுதிருங்க. அப்படி எழுதக் கூடாதா? அப்ப எப்படி எழுதணுமோ எழுதுங்க.

கனெக்சன் அவரு பேர்லதான் இருக்கு. அட, அதுக்கு அவரு கையெழுத்து எதுக்குண்ணே, பில்லு கட்டுறவ நானுல்ல? அவரு வரமாட்டாரு. வர முடியாது. மனுவுக்குக் கீழ நா கையெழுத்துப் போடுறேன், எனக்கு எழுதத் தெரியும், எட்டாப்பு வரைக்கும் படிச்சிருக்கேன். செத்த இருங்க, அதுக்கு அப்பறம் வருவோம்.

நா சொல்ல வந்ததே வேற. பாரு, மறந்துட்டேன். அவரு. அவரு இருக்காரே, மில்லுல ஷிப்டு முடிஞ்சா மிஷின்ல ஒரு மீட்டரு இருக்கும், அதப் பாத்துத்தான் எவன் எம்புட்டு ஓட்டியிருக்கான்னு நோட்டுல எழுதுவாகளாம். இருபத்தாறு வருசம் அதப் பாத்த கண்ணு. இப்ப வீட்டு மீட்டரப் பாக்குது. காலைல எந்திரிச்சதும் செவத்தப் பிடிச்சுக்கிட்டே போயி, மீட்டரப் பாத்து, காலண்டர்ல தேதிக்குக் கீழ எழுதிருவாரு. ஒரு நாளைக்கு எட்டு யூனிட்டு, அதுக்கு மேல ஓடக் கூடாதுன்னு அவரா ஒரு சட்டம். வெயில் காலத்துல பேனு போடாம முடியுமா? பேனு ஓடுனா இவரு மிஷின நிறுத்திருவாரு. ஏங்க நிறுத்துனீகன்னா, சும்மா இரு, எனக்கு இப்ப நல்லாத்தான் இருக்கும்பாரு. சொல்லி முடிக்க மூணு தடவ மூச்சு வாங்குவாரு.

போன ரீடிங்குக்கு முன்னால ரெண்டு நாளு. நா வேலைக்குப் போயிட்டு மூணு மணிக்கு வாரேன், வீடு கம்முனு கெடக்கு. அந்த மிஷினு சத்தம் எப்பவும் தெருவுக்கே கேக்கும்ணே. செருப்பக்கூடக் கழட்டல. உள்ள போனா சுவிட்சு ஆப்பு. இவரு ஒதடெல்லாம் நாவப்பழம் தின்ன மாதிரி. நூத்தியெட்டுக்குப் போன் அடிச்சு, நாலு நாளு ஆஸ்பத்திரி. கண்ணு முழிச்சு மொத வார்த்தை என்ன கேட்டாருங்கிறீக? தாண்டிருச்சாங்கிறாரு. தாண்டலண்ணே. நானூத்தித் தொண்ணூத்தெட்டு. அதக் கேட்டு மனுசன் சிரிக்கிறாரு. எனக்கு அவர அறையணும் போல இருந்துச்சு.

பயமுறுத்தியும் பாத்தேன், கெஞ்சியும் பாத்தேன். தாண்டட்டும், நா கட்டிக்கிறேன், எனக்கு நீங்க இருந்தாப் போதும்னு வாய் விட்டுச் சொன்னேன். கல்யாணமாகி முப்பது வருசத்துல அப்படியெல்லாம் நா பேசுனதே இல்ல. நா மூச்சு விடுறதுக்கு நீ எத்தன பேருக்குண்டி சோறு வடிப்பன்னு கேட்டுட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டாரு.

பக்கத்து வீட்ல ஆளா? இருக்காகளே, பாஸிலாக்கா. தங்கமான மனுசி. ஒக்காந்து பாத்துக்கங்கக்கான்னு விட்டுட்டுப் போனா, இவரு அவுகளுக்கே டிமிக்கி குடுத்துருவாரு. அக்கா, தொண்ட காயுது, கொஞ்சம் வெந்நி வச்சுத் தாங்கம்பாரு. அவுக அந்தப் பக்கம் போனதும் டக்குனு சுவிட்ச அமுக்கிருவாரு. இன்னைக்கு அவுகளும் இல்ல, செம்பட்டில ஒரு கல்யாணம்.

இன்னைக்கு, திங்கக்கெழம காலைல காலண்டர்ல நானூத்தி எம்பத்தேழு. ரீடிங் எடுக்க வியாழக்கெழம வருவாக. அப்ப இன்னும் மூணு நாளு, பதிமூணு யூனிட்டு. மிஷின ஒழுங்கா ஓட்டுனா நாளைக்கு ராத்திரிக்குள்ளயே தாண்டிரும். ஒங்களுக்கே கணக்குப் புரியுதுல்ல? அவருக்குப் புரியாதா?

தெரியும்ணே. இந்த மனு இன்னைக்குக் குடுத்தா வியாழக்கெழமைக்குள்ள ஒண்ணும் நடக்காதுன்னு எனக்கும் தெரியும். எனக்கு வேண்டியது மனு கூட இல்ல. மனு வாங்கிட்டு நம்பர் போட்டு, சீல் குத்தி ஒரு ரசீது குடுப்பாக பாருங்க, அது. அதக் கொண்டுபோயி அவரு கண்ணு முன்னால ஆட்டி, இந்தா பாருங்க, கவர்மெண்டு ஒத்துக்கிருச்சு, இனி மிஷினு கரண்டு அவுக பொறுப்புன்னு சொல்லிருவேன். கண்ணாடி ஒடஞ்சு கெடக்கு, பொடி எழுத்து அவரால வாசிக்க முடியாது. பொய்தான். பாவமன்னிப்பு கேட்டுக்கிறேன், சாமியாரு எனக்குத் தெரிஞ்சவருதான். அந்த ஒரு துண்டுச் சீட்டு இருந்தா எம் புருசன் மூணு நாளைக்கு மூச்சு விடுவாரு.

திரும்பவும் கையெழுத்துங்கிறீகளே. அவரு பேர்ல உள்ள கனெக்சனுக்கு அவரு கையெழுத்து இல்லாட்டி உள்ள வாங்க மாட்டாகளா? போன தடவ வாங்குனாகளே. கவுண்டர்ல ஆளு மாறிட்டாகளா? வீடு கிட்டத்தான, ஒரு எட்டு போயி வாங்கிட்டு வாங்கன்னா என்ன அர்த்தம்? போயிட்டு வாரதுக்குள்ள டோக்கன முடிச்சிருவாக. அதுவுமில்லாம அவரு போட மாட்டாரு.

இல்ல, கை வெளங்கும். கையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. என்னைய ஏன் அப்படிப் பாக்குறீக? ஒரு வேட்டியக் கிழிச்சு ரெண்டு கையையும் கட்டில்ல கட்டிட்டு வந்திருக்கேன். பின்ன என்ன பண்ணச் சொல்றீக? மிஷினு ஓடுது, மூக்குல கொழா இருக்கு, கதவப் பூட்டியிருக்கேன். அவரு தடுக்கக்கூட இல்ல. வலது கைய மட்டும் கொஞ்சம் தொளவாக் கட்டு, மூக்கு அரிச்சா சொறிஞ்சுக்கணும்னாரு. தொளவாத்தான் கட்டியிருக்கேன். எம்புட்டுத் தொளவு, சுவிட்சு எட்டுமோன்னுதான் இப்ப வரவர நெனப்பு வருது. எழுதுங்கண்ணே, கையெழுத்த நீங்களே கிறுக்கிருங்க.