சிரில் ஓட்டவே வீட்டு மேல்மாடி ஜன்னல்

நீங்கள் பூங்கா வழியாக நடந்து வந்திருந்தால் நல்லது, இன்ஸ்பெக்டர். எங்கள் கிரசன்ட் வீட்டு வரிசையை அங்கிருந்துதான் பார்க்க வேண்டும். பிறைபோல் வளைந்த ஒரே முகப்பு. அதற்குள் பல வீடுகள் இருப்பது வெளியே தெரியாது. விக்டோரியா ராணி காலத்தில் அப்படித்தான் கட்டினார்கள். இப்போது அரசின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. கதவுகள்கூட ஒரே நிறம். குடியிருப்போர் சங்கத்தில் அதையெல்லாம் கவனிப்பது நான்.

பக்கத்து வீட்டு சிரில் ஓட்டவேக்கு ஆஸ்துமா. மேலே தூக்கித் திறக்கும் மேல்மாடிப் படுக்கையறை ஜன்னலைப் பாதி தூக்கியே வைத்திருப்பார். பூங்காவிலிருந்து பார்த்தால் பல் விழுந்த வாய் மாதிரி இருக்கும். சொல்லிப் பார்த்தேன்.

“ஹெஸ்டர், உங்க கட்டடம் மூச்சு விட வேண்டாம். நான் விடணுமே,” என்றார். “நான் போனதும் சாத்திக்கோங்க.”

இருவரும் சிரித்தோம். நல்ல மனிதர்.

கோடையில் முகப்பு முழுவதற்கும் வண்ணம் பூசினோம். பூச்சு காய்ந்ததும் ஜன்னல் சட்டத்தைச் சுற்றிக் கத்தியை ஓட்டிவிட வேண்டும். இல்லையென்றால் ஒட்டிக்கொள்ளும், மேலே ஏறாது. சிரில் ஜன்னலை மட்டும் நான் பார்த்துக்கொள்வதாகப் பெயின்டரிடம் சொன்னேன். கத்தியைத் தொடவில்லை.

“அது அசையவே மாட்டேங்குது. அந்தப் பெயின்டரை வரச் சொல்லுங்களேன்,” என்று சிரில் கேட்டார்.

“சொல்றேன்.”

பிறகும் கேட்டார்.

“வந்துடுவாரு, சிரில். அவசரப்படாதீங்க.”

இலையுதிர்காலம் முழுக்க ஜன்னல் வரிசை அழகாக இருந்தது.

தீப்பிடித்தது அவருடைய ஹீட்டரால். அதில் எனக்குப் பங்கில்லை, உங்கள் ஆட்களே கண்டுபிடித்துவிட்டார்கள். நான் பூங்காவில் இருந்தேன். புகைக்கு நடுவே சிரில் ஜன்னலைத் தூக்கப் பார்ப்பது தெரிந்தது. பிறகு நாற்காலியை எடுத்து ஓங்கினார்.

அந்தக் கண்ணாடி கட்டடத்தோடு பிறந்தது. வெளிச்சம் பட்டால் தண்ணீர்போல் லேசாக நெளியும். அப்படிச் செய்பவர்கள் இன்று இல்லை.

அவர் என்னைப் பார்த்தார். நான் இரண்டு கைகளையும் உயர்த்தி, வேண்டாம், பொறுங்கள் என்று காட்டினேன். சிரில் தலையசைத்தார். கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு நாற்காலியைக் கீழே வைத்தார்.

தீயணைப்பு வண்டியை நான் அழைக்கவில்லை. வேறு யாரோ அழைத்தார்கள். வீரர்கள் மேலே ஏறியபோது அவர் ஜன்னலடியில் உட்கார்ந்தபடியே இறந்திருந்தார்.

உதவி வருகிறது என்று நினைத்துத்தான் காத்திருந்தார் என்கிறீர்கள். நீங்கள் அவரோடு பழகியதில்லை. கடைசியில் சிரிலுக்கும் அந்தக் கண்ணாடியின் அருமை புரிந்துவிட்டது.