விக்டோரியா டீச்சர் பாலம்

என் கடை டீ நன்றாக இருக்கிறது என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை, சார். பாலில் பாதி தண்ணீர்தான். கூட்டம் வந்தது கடை இருந்த இடத்துக்காக. ஆரம்பாக்கம் போகும் ரயில் பாதை எங்கள் ஊரை இரண்டாகப் பிரித்துப் போட்டிருந்தது. மேற்கே வீடுகள், கிழக்கே பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கம்பெனி வேன்கள். மேற்கில் நிற்பவர்களுக்கு வளைவில் வரும் ரயில் தெரியாது. கிழக்கே என் கடை வாசலில் நின்றால் நன்றாகத் தெரியும். நான் துண்டை வீசினால் கடப்பார்கள். தோளில் போட்டுக்கொண்டால் நிற்பார்கள். பதினான்கு வருஷத்தில் ஒரு கோழிகூட அடிபட்டதில்லை.

பாலம் கேட்டு அலைந்தவர் விக்டோரியா டீச்சர். வெறும் படிக்கட்டுப் பாலம் அவருக்குப் போதாது. தண்டவாளத்துக்கு மேலேயே தெரு அகலத்துக்குத் தளம் போட்டு, மரம் வைத்து, கடை வைத்து, இரண்டு பக்கமும் ஒரே ஊராகிவிட வேண்டும் என்பார். மனுக்களை என் கடையில் உட்கார்ந்துதான் எழுதுவார்.

"இன்னா சபரி, இது டீயா, கை கழுவுன தண்ணியா?"

"மனு எழுதுறவங்களுக்கு இது போதும் டீச்சர்."

ஒருநாள் பதினேழாவது மனுவும் திரும்பி வந்தது. டீச்சர் அதையே விசிறியாக்கிக்கொண்டு சிரித்தார்.

"நாலு பேருக்குத் தெரிஞ்ச ஆளு யார்னா இதுல அடிபட்டாத்தான்பா பாலம் வரும். நாம கூவிக்கினே இருந்தா ஒண்ணியும் நடக்காது."

எல்லோரும் சிரித்தார்கள். நான் யோசித்தேன். கவுன்சிலர் செங்கல்வராயன் போனால் ஊர் பட்டாசு வெடிக்கும். நான் போனால் துண்டு வீச ஆளில்லை. இரண்டு பக்கமும் அழக்கூடிய ஆள் ஒருவர்தான் இருந்தார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும், சார். அதனால்தான் மூன்று வாரம் தள்ளிப்போட்டேன்.

அன்று செவ்வாய்க்கிழமை, காலை எட்டேகால். டீச்சர் மேற்கே வந்து நின்று என்னைப் பார்த்தார். வளைவில் எக்ஸ்பிரஸ் வருவதை நான் பார்த்தேன். துண்டை வீசினேன். அவர் வழக்கம்போல ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு, குடையை மடக்கிக்கொண்டு இறங்கினார்.

ஒன்பது நாள் மறியல். கிழக்கும் மேற்கும் முதன்முதலாக ஒரே பந்தலில் உட்கார்ந்தன. இரண்டே வருஷத்தில் தளம் முடிந்தது, டீச்சர் பெயரையே வைத்தார்கள். திறப்பு விழாவில் கை தட்டித் தட்டி எனக்கு உள்ளங்கை சிவந்துவிட்டது. இப்போது மேலே பூக்கடை, பானிபூரி வண்டி, சைக்கிள் பழகும் பிள்ளைகள். மேற்குப் பையனுக்கும் கிழக்குப் பெண்ணுக்கும் போன மாதம் கல்யாணம்கூட நடந்தது. பார்க்கப் பார்க்க மனசு நிறைகிறது.

டீச்சரின் மகள் கவிப்பிரியா மட்டும் அதில் கால் வைப்பதில்லை. ஆட்டோ பிடித்து, இரண்டு கிலோமீட்டர் சுற்றி, பழைய கேட் வழியாகப் போகிறாள். போன வாரம் கடைக்கு வந்தாள்.

"எங்கம்மா உன் துண்டப் பாக்காம ஒருநாளும் எறங்குனதில்லியேண்ணா. அன்னிக்கு மட்டும் பாக்காமயா எறங்கிட்டாங்க?"

அந்தப் பெண்ணிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை.

"பாத்துத்தாம்மா எறங்குனாங்க," என்றேன்.

அதற்குத்தான் உங்களிடம் வந்து புகார் கொடுத்திருக்கிறாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. நீங்கள் கொஞ்சம் சமாதானம் சொல்லி, ஒரு சாயங்காலம் அவளை மேலே கூட்டிப் போங்கள், சார். அங்கே நின்று ஊரைப் பார்த்தால் அவளுக்கே புரிந்துவிடும்.