கடையில் அடித்து நசுக்கிய காசு குறித்து

கடைத்தெருவில் என்னைச் சோடாபுட்டி அக்கா என்றால்தான் தெரியும். வயது 46. கணவர் பழங்காசுக் கடை வைத்திருக்கிறார். கடைக்கு மேல்மாடியில் குடியிருக்கிறோம். கடைக்கு வரும் காசில் உள்ள கோளாறு நாணயச் சாலையிலேயே நேர்ந்த பிழையா, பிறகு யாரோ செய்த சேதமா என்று பார்த்துச் சான்றிதழில் கையெழுத்துப் போடுவது பத்தொன்பது வருடமாக என் வேலை. பிழை என்றால் காசுக்கு விலை எகிறும், சேதம் என்றால் ஒன்றும் தேறாது.

கணவரின் தம்பி லேத் பட்டறையில் வேலை செய்கிறார். இரண்டு வருடமாக ஞாயிறுதோறும் கடைக்கு வந்து லென்ஸும் கையுமாக உட்கார்ந்திருப்பார். போன திங்கட்கிழமை காலை என் கணவர், "இனிமே தம்பியே பாக்கட்டும். நீ மாடியிலயே இரு. பொம்பளை கையெழுத்துன்னா பெரிய ஆளுங்க யோசிக்கிறாங்க" என்றார். நான் லென்ஸை மேசையில் வைத்துவிட்டு மாடிக்குப் போனேன்.

அதன் பிறகு பதினொரு மணிக்குக் கொழுந்தனார், வங்கியில் வாங்கிய புதுக்காசுப் பொட்டலத்தில் கிடைத்ததென்று ஒரு காசைக் கொண்டுவந்தார். அதை வாங்க எங்கள் பழைய வாடிக்கையாளரான பல் டாக்டர் வந்து, "அம்மாவும் ஒரு தடவை பாக்கட்டுமே" என்றதால் என்னைக் கீழே கூப்பிட்டார்கள்.

அந்தக் காசில் ஒரு பக்கம் தலை மேடாகவும், மறுபக்கம் அதே தலை குழியாக இடம்வலம் மாறியும் இருந்தது. முதலில் அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டால் அடுத்த காசு இப்படி விழும். இதைப் போலவே இரண்டு காசை வைஸ் என்னும் பட்டறை இரும்புப் பிடியில் வைத்து நெரிக்கிறவர்களும் உண்டு. ஆனால் அதில் குழிக்கு அடியில் பழைய எண்ணின் தடம் கிடக்கும், மறுபக்கத்துத் தலை நசுங்கியிருக்கும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். தடமும் இல்லை, நசுங்கலும் இல்லை. அப்படி ஒரு சுத்தமான பிழையை நான் அதுவரை பார்த்ததில்லை.

அதன் பிறகு நான், "வைஸ்ல நெரிச்சது. லேத்துக்காரருக்கு இதெல்லாம் ஒரு வேலையா?" என்றேன்.

கொழுந்தனார், "அண்ணி, விளையாடாதீங்க. இன்னொரு தடவை பாருங்க" என்றார். ஒரு தடவை போதும் என்றேன். என் கணவர் லென்ஸைப் பிடுங்கிப் பார்த்து, "அவ சொல்றது சரிதான். எனக்கே நல்லா தெரியுது" என்றார். கொழுந்தனாரும் பார்த்தார். பொட்டலத்தில் யாரோ நெரித்துப் போட்டிருப்பார்களோ என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

எங்கள் கடையில் போலி என்று நான் சொல்லிவிட்டால், அது இன்னொருவர் தலையில் கட்டப்படாமல் இருக்க, கொண்டுவந்தவரே கல்லாப்பெட்டி அருகில் உள்ள இரும்புக் கட்டையில் வைத்து அடித்து நசுக்கிவிட வேண்டும். என் கணவர், "டேய், என் கடைப் பேரைக் கெடுக்க வந்தியா? அடிடா" என்று சுத்தியலை நீட்டினார். கொழுந்தனார் அழுதுகொண்டே ஏழு அடி அடித்தார். முதல் அடிக்கு முன் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. பார்க்க நன்றாக இருந்தது.

அதன் பிறகு நான் அதைக் கையில் எடுத்து, "இப்பதான் இது சேதம். ஏழு அடிக்கு முன்னாடி அசல் பிழை. அண்ணனும் தம்பியும் பாத்தீங்க, ரெண்டு பேருக்கும் தெரியலை. இனிமே யாரு மாடியில இருக்கணும்?" என்றேன்.

சுத்தியல் என் பக்கம் வரும் என்று நினைத்தேன். கொழுந்தனார், "உனக்கே தெரியுதுன்னியே அண்ணே" என்று சொல்லி என் கணவரின் வாயில் அடித்தார். கீழ்த்தாடை உடைந்து மூன்று பல் விழுந்தது. பல் டாக்டர் துணியை வைத்து அழுத்தினார். நான் கதவைத் திறந்து ஆட்களைக் கூப்பிட்டேன்.

நேற்று இந்தக் காவல் நிலையத்தில் கொழுந்தனார் கம்பிக்குப் பின்னாலிருந்து, "அண்ணி, அது அசல்னு ஒரு சான்றிதழ் மட்டும் எழுதிக் குடுங்க. போலி பண்ணி மாட்டிக்கிட்டு அண்ணனை அடிச்சேன்னு பட்டறையில எல்லாரும் பேசுறாங்க" என்று கேட்டார். வாயால் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன், சான்றிதழில் கண்ணுக்குத் தெரிவதைத்தான் எழுத முடியும் என்றேன். நசுங்கிய காசை எழுத்தர் எடுத்துக் காட்டினார். லென்ஸ் வைத்துப் பார்த்து, "சேதம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

இதை எழுத்தர் எனக்குப் படித்துக் காட்டினார். நான் சொன்னதில் எதுவும் கூடவோ குறையவோ இல்லை, அத்தனையும் உண்மை.

(கையொப்பம்)