ஆறு மொட்டுத் துப்பாக்கி

நசீமா: கடைய மூடிட்டியாண்ணா? உள்ள வரலாமா?

சர்தார்: வா. பாதிக் கதவுதான் சாத்தியிருக்கேன். வீட்ல என்ன சத்தம்?

நசீமா: இஞ்சி பூண்டு இடிக்கிற சின்ன இரும்பு உலக்கைய காணோமாம். அம்மா காலையிலேர்ந்து எல்லாரையும் திட்டறாங்க.

சர்தார்: அதுக்கா இங்க ஓடி வந்தே?

நசீமா: இல்ல... அத்தா பெட்டியில கிடந்துதே, அந்தத் துப்பாக்கி...

சர்தார்: மெதுவா பேசு! எமர்ஜென்சி நேரம். பேகோபுரத் தெருவுல வீடு வீடா பூந்து பாக்கறாங்க. லைசென்ஸ் இல்லாம அது நம்ம வீட்ல இருக்குன்னா, நான் நேரா வேலூர் ஜெயில்தான்.

நசீமா: அதனாலதான் வந்தேன். அது எங்கேர்ந்து வந்ததுன்னு கண்டுபிடிச்சிட்டேன்.

சர்தார்: இப்ப எதுக்கு அது? விடு.

நசீமா: நவாப் குடுத்ததுன்னு நீதானே சொல்லிட்டுத் திரிஞ்சே?

சர்தார்: அத்தா சொன்னாரு... அவருக்கு அவரு அத்தா சொன்னாரு.

நசீமா: காலேஜ் லைப்ரரி புத்தகத்துல இதே மாதிரி படம் இருக்கு. இதுக்குத் தோட்டா கிடையாது. முன்பக்கமா வெடிமருந்தும் குண்டும் கெட்டிக்கணும்...

சர்தார்: பி.எஸ்சி.ல துப்பாக்கிப் பாடமும் நடத்துறாங்களா?

நசீமா: கேளேன்... பின்னாடி ஆறு மொட்டு இருக்கில்ல? அது மேல பொட்டு வெடி மாதிரி கேப்பு வெப்பாங்க. தட்டினா, மொட்டுல இருக்கிற ஓட்டை வழியா நெருப்பு மருந்துக்குப் போகும். அப்பதான் வெடிக்கும்.

சர்தார்: அதான் பயமே.

நசீமா: நம்மளுதுல ஓட்டையே இல்ல.

சர்தார்: துரு அடைச்சிருக்கும்.

நசீமா: மண்ணெண்ணெய்ல ஊற வெச்சு, குண்டூசி விட்டுப் பாத்தேன். ஆறுலயும் போகல. துளையே போடலண்ணா. அது ஒரு தடவைகூட சுட்டதில்ல. இனிமேயும் சுடாது.

சர்தார்: அல்லாவே... நெஜமாவா? போலீஸ்காரன் கேட்டா?

நசீமா: குண்டூசிய அவங்க கையிலயே குடுத்துடலாம்.

சர்தார்: அப்பாடா... அப்ப நான்... சரி, ஒண்ணுமில்ல. எந்தப் பைத்தியக்காரன் இப்படி ஒண்ணு செஞ்சான்?

நசீமா: நம்ம வீட்டுப் பைத்தியக்காரர்தான். கைப்பிடி மரத்தக் கழட்டினேன். உள்ள மூணு புள்ளி.

சர்தார்: எந்த மூணு புள்ளி?

நசீமா: நீ செய்யற ஒவ்வொரு பூட்டுக்கும் அடியில அடிக்கிறியே, அதேதான். கீழ்ப் புள்ளி மட்டும் பெருசா...

சர்தார்: அந்த அச்சு தாத்தாவோட அத்தா செஞ்சது! வேற யாருகிட்டயும் கிடையாது.

நசீமா: யாரோ ஒரு துரை ரிப்பேருக்குக் குடுத்திருப்பான். அதப் பாத்து இவரு ஒண்ணு செஞ்சிருக்காரு. துளைய மட்டும் வேணும்னே போடாம விட்டுட்டாரு. எனக்கு அப்படித்தான் தோணுது.

சர்தார்: அப்ப அது நம்ம பெரியவர் கை வேலையா...

நசீமா: என்னண்ணா? சந்தோஷமா இல்லையா?

சர்தார்: அந்தப் புள்ளிய... எப்ப பாத்தே?

நசீமா: இன்னிக்கு மத்தியானம்.

சர்தார்: பொய் சொல்லாத! விடிகாலைல தொழுகைக்குப் போறப்பவே துணியோட ஐயங்குளத்துல போட்டுட்டேன்... அவரு கையால செஞ்சத...

நசீமா: தெரியும்ணா. நீ துணியில சுத்தி வெச்சதப் பாத்துட்டேன். துப்பாக்கி அரிசிப் பானைக்குள்ள இருக்கு. குளத்துல கிடக்கறது அம்மா தேடற உலக்கை.