கோழித் தண்ணீருக்கு ஒரு பிளக்

தண்ணீர் இல்லாவிட்டால் கோழி தீனியைத் தொடாது. இது பலருக்குத் தெரிவதில்லை. தொட்டி நிறையத் தானியத்தைக் கொட்டிவிட்டு, முட்டையைக் காணோமே என்பார்கள். குடித்தால்தான் இரைப்பையில் தானியம் ஊறும், ஊறினால்தான் அரைபடும். அதனால் கனடாவின் இந்தச் சஸ்காச்சுவான் குளிரில் கோழி வளர்ப்பது என்றால், தண்ணீரை உறையவிடாமல் வைத்திருப்பதுதான் முக்கால்வாசி வேலை. மற்றதைக் கோழியே பார்த்துக்கொள்ளும்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் அது புரியாது.

அகலத் தட்டு கூடாது, மேற்பரப்பு அதிகமானால் சீக்கிரம் உறையும். ஆழமான கறுப்பு ரப்பர் தொட்டி நல்லது. கறுப்பு வெயிலை வாங்கிக்கொள்ளும். உறைந்தாலும் கவிழ்த்து மிதித்தால் கட்டி முழுசாகக் கழன்று விழும். ஆனால் அதெல்லாம் நவம்பரோடு சரி. ஜனவரியில் மின்சாரம் வேண்டும். தகரக் குடுவைக்கு அடியில் ஒரு சூட்டுத் தட்டு வைப்போம். உள்ளே கம்பிச்சுருள் இருக்கிறது. தண்ணீர் உறையப்போகும் நேரத்தில் தானே விழிக்கும், கொஞ்சம் சூடானதும் தானே அணைந்துவிடும். கூண்டையே சூடாக்குவது தப்பு. உள்ளே ஈரம் கட்டி, கொண்டைகள் குளிரில் கருகிவிடும்.

என் மனைவி ஓல்ஹா இறந்தபின் இந்தப் பண்ணையில் என் குரலுக்குத் திரும்பிப் பார்த்தவை அந்தக் கோழிகள்தான். மகள் லரிஸா சாஸ்கட்டூனில் நர்ஸ். உக்ரைன் வழிவந்த எங்களுக்குப் பழைய நாட்காட்டிப்படி கிறிஸ்துமஸ் ஜனவரியில் வரும். முந்தைய நாள் மாலை வருவாள், தேனும் கசகசாவும் போட்ட கோதுமையை என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவாள், விடிந்ததும் கிளம்பிவிடுவாள்.

இங்கே ராத்திரி முழுக்கக் காரையும் மின்சாரத்தில் மாட்டி வைக்க வேண்டும், உங்களுக்குத் தெரியாததல்ல. எஞ்சினுக்குள் இருக்கும் சூட்டுக் கம்பிக்கு மின்சாரம் போகாவிட்டால் எண்ணெய் கெட்டித் தேன் மாதிரி ஆகிவிடும். பேட்டரிக்கும் தெம்பு இருக்காது. வண்டி ஒருமுறை முனகிவிட்டு அடங்கிவிடும்.

போன வருடம் நடந்தது மறதிதான். முற்றத்துக் கம்பத்தில் கோழிக்கூண்டு வயரை மாற்றினேன். அப்போது கழற்றிய அவள் கார் வயரைத் திரும்ப மாட்டவில்லை. காலையில் வண்டி கிளம்பவில்லை. அவளுக்கு விடுமுறை மிச்சமிருந்தது. மூன்று நாள் தங்கினாள். சீட்டு ஆடினோம். கள்ளாட்டம் ஆடினாள், நான் கண்டுகொள்ளவில்லை. அம்மாவின் கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு கூண்டுக்குள் போய், ஒவ்வொரு கோழிக்கும் என் பழைய சிநேகிதர்களின் பெயரை வைத்தாள். அவள் போன பிறகு அந்தப் பெயர்களைச் சொல்லித்தான் கூப்பிட்டேன்.

இந்த வருடம் சாப்பாடு முடிந்ததும் தண்ணீர் பார்க்க வெளியே போனேன். குடுவை நன்றாகத்தான் இருந்தது. வரும் வழியில் கம்பத்தருகே நின்று அவள் வயரை உருவினேன்.

காலையில் உள்ளே வந்தவளின் இமைமுடியெல்லாம் வெள்ளையாகியிருந்தது.

"அப்பா, வண்டி செத்துக் கிடக்கு. நேத்து நானேதான மாட்டினேன், யாரு கழட்டினது?"

"நான்தாம்மா. கோழித் தண்ணி உறையற மாதிரி இருந்துச்சு. ரெண்டையும் ஒண்ணா மாட்டினா ஃபியூஸ் போயிடும்."

"பெத்த பொண்ண விடக் கோழிங்க உசத்தியாப் போச்சா?"

"அதுங்க வருஷம் பூரா கூடவே இருக்குதுங்களே."

சிரித்துவிட்டாள். "சரி சரி, குத்திக்காட்டாத. டிராக்டர எடு. கோஸ்டியுக் மாமா வீட்டுல விட்டா அவரு பஸ்ஸுக்குக் கொண்டுபோய் விடுவாரு."

"அதுவும் கிளம்பாது. பேட்டரி போச்சு."

பக்கத்துப் பண்ணைக் கோஸ்டியுக்குக்குப் போன் போட்டாள். யாரும் எடுக்கவில்லை. அது அவர் மாடுகளுக்கு வைக்கோல் போடும் நேரம்.

"நாளைக்குப் போயேன். குளிர் குறையும்னு ரேடியோல சொன்னான்."

"வார்டுல ராத்திரிக்கு ரெண்டே பேருதான்ப்பா. நான் போகலன்னா இன்னொருத்தி தனியா மாட்டிக்குவா. அதோ அவரு வீட்டுப் புகை தெரியுது பாரு. வேலி ஓரமாவே நடந்துடறேன்."

கடுங்குளிரில் காற்று தெளிவாக இருக்கும். தூரத்துப் புகை பக்கத்தில் இருப்பதுபோல் தோன்றும். அவளுக்கும் அது தெரியும். வாசல்வரை போய் அவள் கழுத்துத் துணியை இறுக்கிவிட்டேன். பாதியில் திரும்பிவிடுவாள் என்று அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் காற்று எழுந்தது. புதுப்பனி பெய்யவில்லை. மேலே வானம் நீலமாகவே இருந்தது. தரையில் கிடந்த பனிதான் புகைபோல ஓட ஆரம்பித்தது. அப்போது இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது. முதலில் வேலி மறையும், பிறகு நடக்கும் ஆளும் மறைந்துபோவார்.

ஃபியூஸ் பற்றி உங்கள் போலீஸ் நோட்டில் குறித்துக்கொண்டதைத் திருத்திவிடுங்கள். சூட்டுத் தட்டு ஒரு பழைய குண்டு பல்பு அளவுக்குத்தான் மின்சாரம் இழுக்கும். கார் அதைப்போல நாலைந்து மடங்கு. இரண்டையும் சேர்த்தாலும் அந்த ஃபியூஸ் தாங்குவதில் பாதிகூட வராது. கம்பத்தில் இரண்டு பிளக் பாயிண்ட் இருப்பதை நீங்களே பார்த்தீர்கள்.

டிராக்டர் எஞ்சின்மேல் நீங்கள் கைவைத்துப் பார்த்ததையும் கவனித்தேன். ஆமாம், சூடாகத்தான் இருக்கும். கொட்டகையில் அதற்குத் தனி வயர் உண்டு, குளிர் தொடங்கியதிலிருந்து நான் கழற்றியதே இல்லை. பேட்டரியும் புதுசு.

காற்று எழுந்ததும் கொட்டகைக்குப் போனேன். ஏறி உட்கார்ந்தேன். சாவி கையிலேயே இருந்தது. வேலியைப் பிடித்துக்கொண்டே போயிருந்தால் அவளை எட்டியிருக்கலாம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் டிராக்டரைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிடும். பேட்டரியைப் பற்றிக் கேட்பாள். பிறகு கார் வயரைப் பற்றி. போன வருடம் நடந்ததும் பொய்தான் என்று முடிவுகட்டிவிடுவாள். அதையெல்லாம் நிதானமாக யோசித்துப் பார்த்தேன். இறங்கினேன், கோழிகளுக்குத் தீனி வைத்தேன், வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தேன். மதியம் கோஸ்டியுக்தான் உறைந்து கிடந்த அவளைத் தன் வேலிக்கம்பத்தடியில் கண்டுபிடித்தார்.

நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு தகப்பனாக மட்டும் யோசித்துப் பாருங்கள். நான் டிராக்டரில் போய் இறங்கியிருந்தால், அடுத்த கிறிஸ்துமஸுக்கு அவள் வந்திருக்கவே மாட்டாள்.