நாலணாக் கனம்

இல்ல பாய், விலைய விடும். அதுவா இங்கன பேச்சு. கிளமென்ட்டுக்கு நீரு மாட்டிக் குடுத்தது எந்தக் கைன்னுல்லா கேட்டேன். ரெக்கார்டு பெட்டியில ஊசி மாட்டுத கைதான். இந்த நேர்க் கையா, அந்தா வளைஞ்சு கிடக்கே, அதுவா?

வளைஞ்சதா. அப்பம் எனக்கு அதுக்கும் ஒருபடி மேல எடும். அடியில சுத்துத தட்டும் அவன் வீட்டுல இருக்கத விடக் கனமா இருக்கணும்.

சிரிக்காதேயும் வே. ஊரெல்லாம் சி.டி., சி.டி.ன்னு அலையுது, இந்த ராமசுப்பு சாரு இப்பம் வந்து டர்ன்டேபிள மாத்தணும்ங்காரேன்னு நினைக்கீரு. நானும் அதத்தான் நினைச்சேன். சைக்கிள்ல கொக்கிரகுளம் பாலத்துல வரும்போது, திரும்பிப் போயிருவமான்னு இறங்கி நின்னேன். கீழ ஒருத்தன் எருமைய குளிப்பாட்டிட்டு இருந்தான். அவன் குளிப்பாட்டி முடிக்குத வரைக்கும் நின்னேன். பெறகு வந்துட்டேன். ஞாயித்துக்கிழமையும் நீரு கடை திறக்கது நல்லதாப் போச்சு.

கிளமென்ட்டு நல்ல மனுசன்தான். யாரு இல்லன்னா? மணப்பாட்டுக்காரன், கப்பல்ல எஞ்சினு பாத்துட்டு எங்க அடுத்த தெருவுக்குக் குடிவந்தான். போனா உக்காரச் சொல்லுவான். அவன் வீட்டுக்காரி ஃபிளோரா மதினி கேக்காமலே காப்பி கொண்டாருவாவ. எனக்குப் பாட்டுல கிறுக்கு, அவனுக்கும் கிறுக்கு. அப்படித்தான் பழக்கம்.

ஒரு ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்காரியையும் கூட்டிட்டுப் போனேன். உலகம்மைக்குப் பாட்டுல ஈடுபாடு கிடையாது பாய். கிடையாதுன்னுதான் நான் இருந்தேன். கல்யாணமான நாள்லேருந்து நான் ரெக்கார்டு போட்டா அவ அடுப்படியில நிப்பா. நல்லாருக்குன்னும் சொன்னதில்ல, நிறுத்துங்கன்னும் சொன்னதில்ல. அங்கன கிளமென்ட்டு ஒரு நாதஸ்வரம் போட்டான். தோடி. எங்கிட்ட இருக்க அதே ரெக்கார்டு வே, அதே அட்டை. இவ கண்ண மூடிட்டா. முடிஞ்ச பெறகு பைய சொல்லுதா, அண்ணாச்சி, வாசிக்கவரு மூச்சு வாங்குதது கூடக் கேக்குன்னு.

எங்கிட்ட சொல்லல. அவங்கிட்ட சொல்லுதா.

அன்னையிலேருந்து ஞாயிறானா மதினிகூட ஸ்வெட்டர் பின்னுதேன்னு கிளம்பிருதா. நெல்லைச் சீமையில யாருக்குவே ஸ்வெட்டரு? தப்பா ஒண்ணும் இல்ல. இருந்தா சண்டையாவது போடலாம். ஒரு மூச்சுச் சத்தத்துக்கு எப்படிச் சண்டை போட?

வீட்டுக்கு வந்து என் ரெக்கார்டப் போட்டுப் பாத்தேன். மூச்சாவது ஒண்ணாவது. கடலை வறுக்க மாதிரி சத்தம். ஏன்னு உமக்குத் தெரியும்லா? நாலணா. ஊசி துள்ளுச்சுன்னா அது தலைமேல ஒரு நாலணாத் துட்ட வச்சு ஒட்டுவோம்லா, இந்த ஊர்ல எவன் ஒட்டல? நான் ஒட்டுனத எடுக்கவே இல்ல. அந்தக் கனத்துல ஊசி ரெக்கார்ட உழுது போட்டுட்டு.

புதுக் கை வந்தா உழுதது ஆறாதுதான். எனக்கும் தெரியும். நீரு மாட்டும். நான் கொண்டாந்தத போடும், கேப்போம்.

ஆங். அந்தா மூச்சு. கேட்டீரா?

என்ன, குனிஞ்சு குனிஞ்சு பாக்கீரு? உழுத ரெக்கார்டு மாதிரி இல்லியேன்னா?

இது என்னுது இல்ல பாய். கிளமென்ட்டோடது. ரெண்டையும் ஒத்துப் பாப்போம்னு நேத்து என்னுதையும் அங்கன கொண்டு போயிருந்தேன். மதினி காப்பி போட உள்ள போனாவ. அவன் வாசல்ல தபால்காரன்கிட்ட பேசிட்டு நின்னான். அட்டை ரெண்டும் ஒண்ணுதான. என்னுத அவன் அட்டையில சொருகிட்டு வந்துட்டேன். இந்நேரம் அவனும் போட்டிருப்பான், அவளும் உக்காந்திருப்பா. அவன் பெட்டியிலயும் கொஞ்சம் கடலை வறுபடட்டும்னுதான். சாயந்தரம் அவ வரும்போது எங்க வீட்டுல மூச்சு கேக்கணும். அதான் இன்னைக்கே மாட்டித் தாரும்னேன்.

இரும், எடுக்காதேயும். இந்தா ஒரு இடம் வரப் போகுது. என் ரெக்கார்டுல இங்கன ஒரு டொக்கு உண்டு, நாலணா தோண்டுன பள்ளம். அது வரும்போது அடுப்படியில அவ கரண்டிய சட்டி விளிம்புல டொக்குன்னு வைப்பா. எப்பம் போட்டாலும், சரியா அதோட சேந்து. குழம்ப உதறுதான்னு நினைச்சுக்கிட்டே இருந்துட்டேன்.

வரல பாத்தீரா. சுத்தமாப் போயிட்டு.

அங்கன வந்திருக்கும் பாய். கரண்டி இல்லாட்டி என்ன, கையில பின்னல் ஊசி இருக்கும்லா. தன்னால தட்டியிருப்பா. தட்டுன உடனே தெரிஞ்சிருக்கும், பாடுதது எந்த வீட்டு ரெக்கார்டுன்னு.

எடும் வே, அந்த ஊசிய எடும், நான் அங்கன போகணும். அட்டைய எங்கன வச்சேன்?