நகம் பார்த்து ஷூ

ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டு போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் ஷூ கடையில் வேலை செய்யும் இரண்டு பெண்கள். மூத்தவள் சொன்னாள்:

"இனிமே கஸ்டமரு நகத்தப் பாத்துட்டுதான் ஷூவ கையில குடுப்பேன்."

"ஏங்க்கா?"

"நகத்தால கீறிட்டு, டேமேஜ் பீஸு, வெலைய கம்மி பண்ணுன்றாங்க. அந்தக் காச ஓனரு என் சம்பளத்துல புடிக்கிறாரு. இன்னிக்கும் ஒருத்தன் கீறினான். நான் உடல. அவன் எதிர்லயே பாலிஷ் போட்டேன், கீறல் போயிடுச்சி."

"அவன் இன்னா சொன்னான்?"

"இன்னொரு காலு ஷூவ குடுன்னான்."

"குடுத்தியா?"

"கையில குடுப்பனா? 'கால நீட்டுங்கண்ணா, நானே மாட்டி உடறேன்'னேன். ஃபுல் ரேட்டு குடுத்துட்டு போனான்."

நான் என் விரல்களைப் பார்த்துக்கொண்டேன். கடித்துக் கடித்து நகமே மிச்சமில்லை. அந்தக் கடைக்கு நான் தைரியமாகப் போகலாம்.